மாருதி எஸ்டீம் கார் எஞ்சினுக்கு எந்த வால்வு ஸ்பிரிங் போடலாம்?

அண்ணன்மாரே, கோயம்புத்தூர்ல இருந்து எழுதறேன். இங்க இருக்கிற கரி ரேஸ் ட்ராக்குல ஓட்டறதுக்கு 1.3 லிட்டர், 16 வால்வு எஸ்டீம் எஞ்சின் ஒண்ணு கட்டிட்டிருக்கேன். லிஃப்ட் கூடின, அதாவது வால்வை இன்னும் அதிகமாத் திறக்கிற கேம் போட்டாச்சு, ஸ்பிரிங் மட்டும் பழசு. 7,000 ஆர்பிஎம் தாண்டினதும் மிஸ் அடிச்சுது. கேம் வேகத்துக்கு வால்வை மூட ஸ்பிரிங்குல தெம்பில்லை, ஃப்ளோட் ஆகுதுன்னு நினைச்சு ஹெட்டைக் கழட்டிட்டேன்.

மெக்கானிக், "ஸ்பிரிங்குக்கு அடியில அரை மி.மீ. ஷிம் (மெல்லிசான வாஷர்) வச்சா சரியாயிடும்"ங்கறார். எனக்குப் பயம். வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் உயரம் 31.5 மி.மீ. வைஸ்ல வச்சு, சுருள் ஒண்ணோடொண்ணு முட்டற வரைக்கும் அமுக்கிப் பார்த்தேன், 21.3. வால்வு லிஃப்ட் 9.2. கழிச்சா மிச்சம் 1 மி.மீ.தான். ஷிம்மும் வச்சா அதுலயும் பாதி காலி. முட்டுச்சுன்னா கேம், ராக்கர் எல்லாம் போச்சு.

டபுள் ஸ்பிரிங் போட்டா உள்ளே இருக்கிறது ஆயில் சீல்ல இடிக்குமா? ஸ்பிரிங்கை வால்வோட பிடிச்சு வைக்கிற ரீட்டெய்னர், வால்வு லாக் பழசே தாங்குமா, சேர்த்து மாத்தணுமா? அதுக்காக ரொம்ப டைட்டா போட்டு புது கேமைத் தேய்க்கவும் மனசில்லை (அதுக்குக் கொடுத்த காசு வீட்டுக்குத் தெரியாது). இதே எஞ்சினைக் கட்டினவங்க சீட் பிரஷர் (வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் அமுக்கிற அழுத்தம்) எத்தனை கிலோ வச்சீங்கன்னு சொல்லுங்க. ஹெட் பெஞ்சு மேலதான் கிடக்கு, திங்கக்கிழமை மாட்டணும்.