பரணில் ஏறினால் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் 19 யார்டு என்கிறது, டேப் 24 என்கிறது. கருவியை மாற்றணுமா?

கேட்டிக்காரன்:
வணக்கம் நண்பர்களே. ஹூஸ்டன் பக்கத்தில் கேட்டியில் இருக்கிறேன். வில் வேட்டையில் இது இரண்டாவது வருடம், போவது பெரும்பாலும் சாம் ஹூஸ்டன் தேசியக் காடு. போன சீசனில் ஒரு பெண்மானுக்கு விட்ட அம்பு நெஞ்சுக்குக் கீழே, முடியைக்கூடத் தொடாமல் போய் மண்ணில் குத்தியது. காயம் படாமல் போனதே என்று அன்றைக்கு நிம்மதிதான், ஆனால் ஏன் என்று இன்று வரை மண்டையைக் குடைகிறது.

இந்த வாரம் நண்பர் ஒருவரின் நிலத்தில் பைன் மரத்தில் 20 அடி உயரத்துக்கு ஸ்டாண்டு (உட்காரும் பரண்) ஏற்றி, கீழே ஃபோம் மானை வைத்து அடித்துப் பார்த்தேன். ரேஞ்ச்ஃபைண்டர் 19 யார்டு என்றது, வில்லில் தூரத்துக்கு ஏற்பத் திருப்பி வைத்துக் குறிபார்க்கிற ஒற்றை ஊசி சைட்டை 19-க்குத் திருப்பி விட்டால் ஆறு அம்பும் ஒரே இடத்தில், ஆனால் குறிக்கு நாலு அங்குலம் கீழே. இறங்கி மரத்தடியிலிருந்து டேப் பிடித்தால் 72 அடி, அதாவது 24 யார்டு! தரையில் நின்று அதே கருவியில் பார்த்தாலும் 24. மேலே ஏறினால் மட்டும் குழப்புகிறது. வில் பழசு, அம்பு நொடிக்கு 230 அடி வேகம்தான் வரும்.

கருவி ஆபீஸ் நண்பர் கொடுத்தது, அவர் கோல்ஃபுக்கு வைத்திருந்தது. செப்டம்பர் கடைசியில் சீசன் திறந்துவிடும். புதிதாக வாங்கணும் என்றால் 200 டாலர் வரை செலவு செய்யலாம். எதைப் பார்த்து வாங்குவது?

பரண்மேல்:
உடம்பை நிமிர்த்தியபடியே கையை மட்டும் கீழே இறக்கி விடுகிறீர்களா? இடுப்பை வளைக்கணும். புதிதாக ஏறுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது.

போக்கனோஸ் வாசி:
பரண்மேல் சொல்வது சரிதான், ஆனால் அந்தத் தப்புக்கு அம்பு பெரும்பாலும் மேலேதான் போகும். இவருக்குக் கீழே போகிறது, அதுவும் ஆறும் ஒரே இடத்தில். கை மேல் குற்றம் இல்லை.

தம்பி, உங்கள் கருவியில் ஸ்லோப் மோடு ஓடிக்கொண்டிருக்கிறது, பந்தயமே கட்டுவேன். திரையில் நம்பருக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு முக்கோணமோ கோணக் குறியோ தெரிகிறதா பாருங்கள். கோல்ஃபில் பள்ளத்துக்கு அடித்தால் பந்து கூடுதல் தூரம் போகும், அதனால் கருவி தூரத்தைக் குறைத்துச் சொல்லும். மேட்டுக்கு அடித்தால் கூட்டிச் சொல்லும். அம்புக்கு அந்தக் கணக்கே ஆகாது. மேலே விட்டாலும் சரி, கீழே விட்டாலும் சரி, அம்புக்குத் தேவை கிடைமட்டத் தூரம், அது எப்போதும் நேர்க்கோட்டுத் தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

உங்கள் நம்பரையே போட்டுப் பாருங்கள். உயரம் 20 அடி என்றால் கிட்டத்தட்ட 7 யார்டு. கிடைமட்டம் 24 என்றால் கண்ணிலிருந்து மானுக்கு நேர்க்கோடு 25. வில்லுக்கு வேண்டியது 24. கோல்ஃப் கருவி அந்த 25-இல் உயரத்தைக் கிட்டத்தட்ட முழுசாகவே கழித்து 19 என்கிறது. 230 அடி வேகத்தில் போகிற அம்பை 19-க்கு வைத்து 24-இல் அடித்தால் நாலு அங்குலம் இறங்கத்தான் செய்யும். நீங்கள் எழுதிய அதே நாலு.

கேட்டிக்காரன்:
அண்ணா, முக்கோணம் இருக்கிறது!! பேட்டரி குறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் ஸ்லோப்பை அணைத்துவிட்டால் இதையே வைத்துக்கொள்ளலாமா? இன்னொன்றும் கேட்கணும். யோபான் புதருக்குப் பின்னால் மான் நிற்கும்போது சில சமயம் 11 என்று காட்டும், மான் இருப்பதோ 25-க்கு அந்தப் பக்கம்.

போக்கனோஸ் வாசி:
அதுவும் கோல்ஃப் புத்திதான். கொடிக்கம்புக்குப் பின்னால் மரங்கள் இருக்கும், அதனால் முன்னால் இருப்பதையே பிடி என்று கோல்ஃப் கருவியைப் பழக்கி வைத்திருப்பார்கள். நமக்கு நேர் எதிர். முன்னால் இருக்கிற இலையை விட்டுவிட்டுப் பின்னால் நிற்பதைப் பிடிக்கணும். வேட்டைக் கருவிகளில் இதற்குத் தனி மோடு உண்டு, புஷ்னெல் கம்பெனிக்காரர்கள் பிரஷ் என்று சொல்வார்கள், மற்றவர்கள் லாஸ்ட் என்பார்கள். கிழக்கு டெக்ஸஸ் யோபான் அடர்த்திக்கு இது இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். கோணத்தைக் கணக்கிட்டுக் கிடைமட்டத் தூரம் காட்டுகிற மோடைவிட உங்களுக்கு இதுதான் முக்கியம்.

பரண்மேல்:
ஒத்துக்கொள்கிறேன். வார்டெக்ஸில் எச்சிடி, புஷ்னெலில் ஏஆர்சி, லியூபோல்டில் டிபிஆர் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்துக் கோணத் திருத்தத்தைப் பெரிதாக விற்கிறார்கள். சமதரையில் 20 அடி ஸ்டாண்டிலிருந்து 25 யார்டுக்குள் அடிக்கிறவருக்கு அது மிச்சம் பிடித்துக் கொடுப்பது ஒரே ஒரு யார்டு.

போக்கனோஸ் வாசி:
உங்கள் ஊருக்கு ஒரு யார்டு, எங்கள் பென்சில்வேனியா மலைச் சரிவுக்கு அப்படி இல்லை. 30 டிகிரி சரிவில் நேர்க்கோடு 40 என்றால் கிடைமட்டம் 35-க்கும் கொஞ்சம் குறைவு. 40-க்கு வைத்து விட்டால் அம்பு முதுகுக்கு மேலே பறக்கும். மலையில் வேட்டையாடுகிறவர் இது இல்லாமல் போகக் கூடாது.

கோவை வில்லாளி:
இங்கே வனவிலங்குச் சட்டப்படி வேட்டை என்பது பேச்சிலேயே கிடையாது, நான் பலகைக்கு அடிக்கிறவன். காம்பவுண்டு வில்லுக்கு 50 மீட்டர், ரிகர்வு வில்லுக்கு 70, தூரம் எல்லாம் முன்பே தெரிந்ததுதான், இருந்தாலும் மைதானம் போடுவதற்கு ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் வைத்திருக்கிறேன். கேட்டிக்காரரே, யார்டு, மீட்டர் எதில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். என்னுடையதில் பட்டனைக் கூடுதல் நேரம் அழுத்தினாலே மாறிவிடும். 30 மீட்டர் என்றால் 33 யார்டு, ஒரு வாரம் முழுக்க அப்படித் திண்டாடியிருக்கிறேன்.

கேட்டிக்காரன்:
யார்டில்தான் இருக்கிறது சார், நன்றி. சரி, வாங்கும்போது வேறு என்ன பார்க்கணும்? பெட்டியில் 1400 யார்டு, 2000 யார்டு என்று போட்டிருக்கிறார்களே, அது நமக்கு எதற்கு?

பரண்மேல்:
எதற்கும் இல்லை. அது பளபளக்கிற பலகைக்குச் சொல்கிற தூரம், மான் தோலுக்கு அவ்வளவு வராது, நமக்கோ 40 தாண்டினால் விடப்போவதே இல்லை. கடைக்குப் போனால் கிட்டத்துத் தூரத்தைச் சோதியுங்கள், 6 யார்டில் இருப்பதைப் பிடிக்கிறதா என்று. உருப்பெருக்கம் 6 போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். ஒரே கையில், கையுறையோடு அழுத்த வரணும். சத்தம் இல்லாத பட்டன். அப்புறம் ஒரு கயிறு, ஏனென்றால் முதல் வருடம் என்னுடையது 18 அடியிலிருந்து விழுந்த சத்தத்தில் அந்தக் காட்டில் இருந்த மான் எல்லாம் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டது.

போக்கனோஸ் வாசி:
திரை நிறத்தை விட்டுவிட்டீர்களே. மான் வருவதே விடிகிற நேரம், இருட்டுகிற நேரம். டெக்ஸஸில் சூரியன் மறைந்து அரை மணி வரை அடிக்கலாம், அந்த அரை மணியில் பைன் நிழலில் கறுப்பு எழுத்துத் திரையில் நம்பர் தெரியவே தெரியாது. சிவப்பு எழுத்துத் திரை வாங்குங்கள், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வசதி இருக்கணும், இல்லாவிட்டால் இருட்டில் கண்ணைக் கூசும். 200-க்குள் சிவப்புத் திரையும் லாஸ்ட் மோடும் சேர்ந்து கிடைப்பது சிரமம், கொஞ்சம் பார்த்துத்தான் தேடணும். காசு இருந்தால் லியூபோல்டு ஃபுல்டிரா வரிசை. அம்பு வளைவில் போகும்போது எவ்வளவு உயரம் ஏறும் என்று அதில் காட்டும், நடுவில் கிளை இடிக்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் விலை உங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாது.

எந்தக் கருவியாக இருந்தாலும் மான் வந்தபிறகு எடுக்காதீர்கள். ஏறி உட்கார்ந்ததும் சுற்றி இருக்கிற நாலைந்து மரத்தை அளந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது மரத்தடியைப் பார்க்காமல் உங்கள் கண் மட்டத்தில் இருக்கிற தண்டைப் பாருங்கள். வருவது நேராகக் கிடைமட்டத் தூரம், எந்த மோடும் தேவையில்லை. 11 காட்டுகிற புதரும் அந்த உயரத்தில் இருக்காது.

கேட்டிக்காரன்:
பத்து நாள் கழித்து வருகிறேன், எல்லாருக்கும் நன்றி. ஸ்லோப்பை அணைத்துவிட்டு அதே மரத்தில் ஏறினேன். மானைப் பார்த்தால் 25, மானுக்குப் பக்கத்து மரத்தின் தண்டைக் கண் மட்டத்தில் பார்த்தால் 24. சைட்டை 24-க்கு வைத்தேன், ஆறில் ஐந்து நெஞ்சில், ஆறாவது என் தப்பு. சாயங்காலம் ஏழரைக்கு மறுபடி எடுத்துப் பார்த்தால் அண்ணா சொன்ன மாதிரியே கறுப்பு எழுத்து, கறுப்பு மரம், ஒன்றும் தெரியவில்லை. 230 டாலருக்குச் சிவப்புத் திரையும் லாஸ்ட் மோடும் உள்ளதாக ஒன்று தள்ளுபடியில் கிடைத்தது, வாங்கிவிட்டேன்.

பழையதை ஆபீஸ் நண்பருக்கே திருப்பிக் கொடுத்தேன். நேற்று ஆஸ்டின் பக்கம் மேடு பள்ளமாக ஒரு மைதானத்துக்குப் போனாராம், மேட்டுக்கு அடித்த பந்தெல்லாம் எட்டாமல் பாதியிலேயே விழுகிறது, கருவியைக் கீழே போட்டாயா என்று கேட்டு மெசேஜ் அனுப்பியிருக்கிறார். ஸ்லோப்பைத் திரும்பப் போட மறந்துவிட்டேன்.