வந்த புதிதில் சமையல்: ஒரு நாட்டுக்கு ஒரு பதார்த்தம் போதும்

வெளிநாடு வந்து சில வாரங்களே ஆகி, வேலை முடிந்து வந்ததும் “இன்றைக்கு என்ன சமைப்பது” என்று திகைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வந்த புதிதில் ஊர்ச் சாப்பாட்டை அப்படியே சமைக்கத்தான் நானும் முயன்றேன். பாதிச் சாமான் கிடைக்காது, கிடைத்தாலும் பழகிய ருசி வராது. இரவு ஒன்பது மணிக்குக் களைத்துப்போய்ச் சாப்பிட உட்காருவேன். அப்புறம் எல்லா ஊர்க் கடையிலும் இருக்கிற தக்காளி, முட்டை, வெங்காயம், பூண்டு இவற்றை வைத்து மற்ற நாட்டுக்காரர்கள் தினமும் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். சமைப்பது எனக்குப் பிடித்துப்போனது அதிலிருந்துதான்.

தக்காளியையும் முட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். சீன வீடுகளில் முட்டைதான் முதலில். மூன்று முட்டையை உப்புப் போட்டு அடித்து, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் ஊற்றிக் கிளறி, பாதி வெந்ததும் தனியே எடுத்துவிட வேண்டும். அதே வாணலியில் இரண்டு தக்காளியை வதக்கி, உப்பும் ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் சேர்த்து, சாறு விட்டதும் முட்டையைத் திரும்பப் போட்டு ஒரு புரட்டு. சர்க்கரையா என்று விட்டுவிடாதீர்கள், தக்காளியின் புளிப்பை அதுதான் சமன் செய்கிறது. சூடான சோற்றோடு சாப்பிட வேண்டும். கால் மணி நேர வேலை.

துனிசியா பக்கத்து ஷக்‌ஷூகாவில் வரிசை தலைகீழ். வெங்காயம், குடைமிளகாய், பூண்டு வதக்கி, சீரகத்தூளும் மிளகாய்த்தூளும் போட்டு, தக்காளியைக் கெட்டியாகும் வரை கொதிக்க விடுகிறார்கள். அப்புறம் கரண்டியால் குழி பறித்து ஒவ்வொரு குழியிலும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மூடி போட்டு ஐந்தாறு நிமிடம் சிறு தீயில் வைத்தால் போதும். தொட்டுச் சாப்பிட ரொட்டி. அதே இரண்டு பொருள், வரிசை மாறியதும் வேறு சாப்பாடு. இதைக் கையால் செய்து பார்த்தபோது வந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

இத்தாலியர்களின் ‘ஆல்யோ ஏ ஓல்யோ’ என்றால் பூண்டும் எண்ணெயும் என்று பொருள். ஒருவருக்கு 100 கிராம் ஸ்பாகெட்டி (நீளமான நூல் போன்ற பாஸ்தா), நான்கு பல் பூண்டு, மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் உதிர்த்த காய்ந்த மிளகாய். தாளிக்கப் பழகிய நமக்கு எண்ணெய் காய்ந்த பிறகு போடுவதுதான் வழக்கம். இங்கே எண்ணெய் ஆறி இருக்கும்போதே மெல்லிசாக நறுக்கிய பூண்டைப் போட்டுச் சிறு தீயில் வைக்க வேண்டும். மணம் முழுவதும் எண்ணெயில் இறங்கும். வெளிர் பொன்னிறம் வந்ததுமே மிளகாயைப் போட்டு இறக்கிவிடுங்கள், கருகினால் கசந்துவிடும். பாஸ்தா வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் ஒரு கரண்டி எடுத்து எண்ணெயில் ஊற்றுங்கள். அதில் கரைந்திருக்கும் மாவுச்சத்துதான் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கும். பாஸ்தாவைப் போட்டு நன்றாகப் பிரட்டினால் ஒவ்வொரு இழையிலும் குழம்பு ஒட்டிப் பளபளக்கும். இந்த ஒரு கரண்டி தண்ணீரைக் கற்றுக்கொண்டால் வேறு பல பாஸ்தாக்களும் எளிதாகிவிடும்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஜப்பானின் ஓயாகோதொன். ‘ஓயா’ பெற்றோர், ‘கோ’ பிள்ளை. கோழியும் முட்டையும் சேர்வதால் அந்தப் பெயர். வெங்காயத்தையும் கோழியையும் சோயா சாஸ், கொஞ்சம் சர்க்கரை, ஸ்டாக் (வேகவைத்து வடித்த சாறு) சேர்த்து வேகவிட்டு, அடித்த முட்டையை மேலே ஊற்றி, முழுதாக இறுகுமுன் சோற்றின் மேல் சரித்துவிட வேண்டும். செய்முறைகளில் மிரின் என்று இருக்கும். அது ஆல்கஹால் உள்ள இனிப்பான அரிசி மது. வேண்டாதவர்கள் சர்க்கரையைச் சற்றுக் கூட்டினால் சரியாகிவிடும்.

சைவக்காரர்களுக்கு லெபனான், சிரியா பக்கத்து முஜத்தரா: பழுப்பு மைசூர்ப் பருப்பும் அரிசியும் சேர்ந்த சாதம். அதன் உயிரே மேலே போடும் வெங்காயம்தான். அரை மணி நேரமானாலும் பொறுமையாகக் கரும்பழுப்பு வரும்வரை வதக்குங்கள். அவசரம் உள்ள நாளில் இதை எடுக்காதீர்கள்.

இங்குள்ள அடுப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுருள் கம்பி மின் அடுப்பை அணைத்தாலும் சூடு உடனே இறங்காது, பாத்திரத்தையே தூக்கி வேறு இடத்தில் வையுங்கள். இண்டக்‌ஷனுக்குப் பாத்திரம் வாங்கும்போது அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால்தான் உதவும். காய்ந்த எண்ணெய் புகைந்தால் ஸ்மோக் அலாரம் அலறும். ஜன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியைப் போட்ட பிறகு சமையுங்கள். அலாரத்தை மூடி மறைக்கவோ கழற்றவோ வேண்டாம்.

மொத்தமாகச் சோறு வடித்து வைக்கிறவர்கள் இரவு முழுக்க வெளியே விட்டுவிடாதீர்கள். வேகவைத்தாலும் சாகாத ஒருவகைக் கிருமி வித்துகள் அரிசியில் இருக்கும். வெளியே கிடக்கும் சோற்றில் அவை பெருகி உண்டாக்கும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆறியதும் சீக்கிரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

எதில் தொடங்குவது என்றால், இன்றைக்கு இரவே அந்தச் சீனத் தக்காளி முட்டை. குறிப்பைப் பார்க்காமல் கை தானாகச் செய்யும்வரை இரண்டு மூன்று முறை அதையே செய்யுங்கள். அப்புறம் ஸ்பாகெட்டி வாங்கலாம்.