பூக்கும் காட்டு நெல்லி காய்க்காதது ஏன்?

சேர்வராயன் மகள்:
வணக்கம். குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் சாலையில், கொட்டச்சேட்டுப் பக்கம் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் உண்டு. அதன் மேல்வரப்பில் பாட்டனார் காலத்திலிருந்தே ஒரு காட்டு நெல்லி நிற்கிறது. முன்பெல்லாம் மார்கழியில் கூடை கூடையாகக் காய் இறக்குவோம். தேனில் ஊறப் போட்டதுபோக மிச்சத்தை அம்மா உப்பில் போட்டு வைப்பார். கடந்த நான்கு ஆண்டுகளாகப் பங்குனியில் நன்றாகப் பூக்கிறது, பூ தவிடுபோல் உதிர்ந்து தரையை மூடுகிறது, காயோ விரல்விட்டு எண்ணும் அளவே. வெட்டிவிட்டு மிளகு ஏற்றச் சில்வர் ஓக் வைக்கலாம் என்கிறார் அண்ணன். எனக்கு மனம் வரவில்லை. வழி உண்டா?

தோட்டக்கலைக்காரன்:
சகோதரி, வெட்டவே வேண்டாம். நெல்லியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் தனித்தனியாகப் பூக்கும். இலை போலத் தோன்றும் மெல்லிய சிறு கிளையின் அடிப்பக்கம் முழுதும் ஆண் பூக்களும், நுனிப்பக்கத்தில் சில பெண் பூக்களும் இருக்கும் என்பதால், தரையை மூடும் அளவுக்குப் பூ உதிர்வது இயல்புதான். கருவுற்ற பிஞ்சும் உடனே பருக்காது. கோடை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அளவில் உறங்கிக் கிடந்து, மழைக்குப் பிறகே திரளும். ஆகவே சித்திரையில் பார்த்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் நெல்லி தன் மகரந்தத்தால் சரியாகக் காய் பிடிக்காது. அருகில் வேறு நெல்லி மரங்கள் இருந்தனவா?

வைத்தியர் வீட்டுப் பேரன்:
காய் இறக்கும்போது கிளையை ஒடிக்கிறீர்களா என்றும் பாருங்கள். அடுத்த ஆண்டின் பூங்கிளைகள் முதிர்ந்த கொம்பின் கணுக்களிலிருந்தே துளிர்க்கும். இந்த மரத்தை விட்டுவிடாதீர்கள். கடுக்காய், தான்றிக்காயோடு சேர்த்துத் திரிபலா செய்ய, ஒட்டுநெல்லியைவிடத் துவர்ப்பு மிகுந்த காட்டு நெல்லி வற்றலையே என் தாத்தா தேடி வாங்குவார்.

சேர்வராயன் மகள்:
கிளையை ஒடிப்பதில்லை, சாக்கு விரித்து உலுக்குவோம். ஆனால் நீங்கள் கேட்டதும்தான் நினைவுக்கு வந்தது: கீழ்ச்சரிவில் இருந்த இரண்டு நெல்லிகளை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு வீடு கட்டுவதற்காக வெட்டினார்கள்.

தோட்டக்கலைக்காரன்:
அதுதான் காரணமாக இருக்க வேண்டும். பவானிசாகர் 1, என்.ஏ.7 என்ற இரு இரகங்களின் ஒட்டுக்கன்றுகளை, காபி நிழல் படாத வெயிலில், இம்மரத்துக்கு அருகே நடுங்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் பூக்கும். காட்டு நெல்லியே வேண்டுமென்றால் வேறொரு மரத்தின் கொட்டைகளை வெயிலில் காய வைத்தால் அவை வெடித்து விதை தெறிக்கும், ஆகவே மெல்லிய துணியால் மூடி வையுங்கள். அவ்விதைக் கன்று காய்க்க ஏழெட்டு ஆண்டுகளாகும்.