புதுப்பிப்பு: அண்ணனுக்கான மதுமீட்புக் கூட்டம் கிடைத்துவிட்டது

மதுப்பழக்கத்திலிருந்து மீள விரும்பும் என் அண்ணனுக்கு அருகில் ஆதரவுக் கூட்டம் எங்கே நடக்கிறது என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

பழைய பட்டியல் ஒன்றை நம்பி நாங்கள் முதலில் சென்ற இடம் பூட்டிக் கிடந்தது. முகவரியைத் தேடி அலையாமல் குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள் என்று ஒருவர் சொன்ன யோசனைதான் பலித்தது. அழைப்பை எடுத்தவரும் குடியிலிருந்து மீண்டவரே. கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் சொன்னதோடு, முதல் நாள் வாசலில் ஒருவர் காத்திருப்பார் என்றும் உறுதியளித்தார். அப்படியே ஒருவர் காத்திருந்தார். அந்த ஒரு செயல்தான் அண்ணனை உள்ளே செல்ல வைத்தது என்று நினைக்கிறேன். கட்டணம் இல்லை, முழுப்பெயரும் கேட்கவில்லை.

நான் எதிர்பாராதது ஒன்று: அது மூடிய கூட்டம் என்பதால், குடியை நிறுத்த விரும்புவோர் மட்டுமே அதில் அமரலாம், நான் வெளியே காத்திருந்தேன். உடன் செல்ல விரும்புவோர் திறந்த கூட்டம் எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்தினருக்கென 1951 முதல் இயங்கும் அல்-அனான் கூட்டத்திற்கு இப்போது நான் தனியே செல்கிறேன்.

நீண்ட காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் கடும் மனக்குழப்பமும் வரக்கூடும், முதலில் மருத்துவரைப் பாருங்கள் என்று எச்சரித்தவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மருத்துவரின் கண்காணிப்பில்தான் அண்ணன் நிறுத்தினார். நேற்றுடன் நான்கு கூட்டங்களுக்குச் சென்றிருக்கிறார்.