கடை திறக்க முன் ஜெபம், மாதக் கடைசியில் ஈபிஎஃப்: எது பக்தி?

கடைக்காரப் பேதுரு:
கொழும்பு புறக்கோட்டையில் சின்ன ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்க முன் பெடியளையும் கூட்டி வைத்துப் பத்து நிமிஷம் ஜெபம். ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, பிறகு வேலை. கிறிஸ்தவர், சைவர், ஒரு முஸ்லிம் பெடியன், எல்லாரும் நிற்பார்கள். அண்மையில் எங்கள் சபை இளைஞர் கூட்டத்தில் ஒரு தம்பி எழும்பி, "அங்கிள், இது பக்தி இல்லை, மேனேஜ்மென்ட்" என்று சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிறிஸ்தவனாக இருக்காதே, கல்லாப்பெட்டிக்கு முன்னாலும் கிறிஸ்தவனாக இரு என்றுதானே பிரசங்கம் கேட்டு வளர்ந்தோம்? நான் அதைத்தானே செய்கிறேன்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

விடிவெள்ளி ஜெபம்:
பிரதர், சோர்ந்து போகாதீர்கள். தானியேல் ராஜாவின் கட்டளை தெரிந்தும் பலகணியைத் திறந்து வைத்து நாளுக்கு மூன்று வேளை முழங்காலில் நின்றார். வேலையிடத்தில் ஜெபித்தால் உலகம் இப்படித்தான் பேசும். தொடருங்கள்.

கணக்குப்பிள்ளை:
அண்ணை, ஒரு கேள்வி. அந்தப் பெடியளுக்கு ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமலாப நிதி, கட்டுறீங்களா?

கடைக்காரப் பேதுரு:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் தங்கச்சி? பழைய ஆட்களுக்குக் கட்டுகிறேன். புதிதாக வருகிறவன் நிலைப்பானா, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் திரும்பி வருவானா என்று தெரியாமல் எப்படிப் பதிவது? 2022இல் டொலர் ஏறின ஏற்றத்தில் இங்கே கடை நடத்திப் பார்த்தவனுக்குத்தான் இது விளங்கும்.

கணக்குப்பிள்ளை:
சம்பந்தம் இருக்கு. நான் கணக்கு வேலை செய்கிற ஆள், வெள்ளவத்தை, மெதடிஸ்ட் குடும்பம். சின்னக் கடைகளின் சம்பளப் பட்டியல் பார்ப்பதுதான் என் பிழைப்பு. 1958ஆம் ஆண்டு ஈபிஎஃப் சட்டத்தில் "நிலைக்கிறானா என்று பார்த்துவிட்டு" என்று ஒரு காலம் கிடையாது. தற்காலிகமோ நிரந்தரமோ, முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம், அதற்கு மேல் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், அதுவும் முதலாளி பக்கம். 40,000 ரூபா சம்பளக்காரனுக்கு மாதம் உங்கள் கையிலிருந்து போக வேண்டியது 4,800உம் 1,200உம். கட்டாமல் வைத்திருந்தால் அந்த 6,000 உங்கள் லாபம் இல்லை அண்ணை, அவனுடைய காசு உங்கள் லாச்சிக்குள் இருக்கிறது.

கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்று லேவியராகமம் 19இல் இருக்கிறது. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். காலைச் சங்கீதத்துக்குப் பதிலாக ஒருநாள் இவற்றை அந்தப் பெடியளுக்கு முன்னால் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

விடிவெள்ளி ஜெபம்:
சகோதரி, கிருபையினால் இரட்சிப்பு, கிரியைகளினால் அல்ல. எபேசியர் 2. ஈபிஎஃப் ஒழுங்காகக் கட்டுகிற வங்கிகளும் பன்னாட்டுக் கம்பனிகளும் கொழும்பில் எத்தனையோ இருக்கின்றன. அவை எல்லாம் பரிசுத்த ஸ்தலங்களா? ஆண்டவரோடு உறவு இல்லாமல் சட்டத்தை மட்டும் பிடிப்பது பரிசேயத்தனம்.

கணக்குப்பிள்ளை:
வங்கி காலையில் ஊழியரை நிறுத்தி வைத்து "நாங்கள் தேவனுடைய பிள்ளைகள்" என்று பாடுவதில்லையே. பாடுகிறவரிடம்தான் கூடக் கேட்பேன்.

மலைநாட்டான்:
நான் ஹட்டன் பக்கம். சைவம். ஒரு கிறிஸ்தவ முதலாளி கடையில வேலை செஞ்சேன், கடை பேரு வேணாம். ஜெபம் எனக்குப் பிரச்சினையே இல்ல, நல்ல பாட்டுதான். ஒருநாள் ஸ்டொக் குறைஞ்சிருச்சு. அடுத்த நாள் ஜெபத்துல, "ஆண்டவரே, களவு எண்ணம் இந்தப் புள்ளைங்கள விட்டு விலகட்டும்"னு முதலாளி கண்ண மூடிக்கிட்டு உருகுனாரு. நாங்களும் கண்ண மூடிக்கிட்டு நின்னோம். யாரச் சொல்றாருன்னு எல்லாருக்கும் தெரியும். நேருல கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்போம். கடவுள்கிட்ட சொன்னதுக்கு நாங்க எப்படிப் பதில் சொல்றது?

ஈபிஎஃப் பத்தி ஒண்ணு சொல்றேன். எங்க அம்மா தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க. அம்பது வயசுல கைக்கு வந்த ஈபிஎஃப் காசுலதான் லயத்துக்குப் பின்னால ஒரு அறை கட்டித் தகரம் போட்டோம். கொழும்புக் கடையில வேலை செஞ்ச எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல.

அண்ணே, அந்த முஸ்லிம் பையன் நிக்கிறான்னு சொன்னீங்களே, அவன்கிட்ட கேட்டீங்களா?

கடைக்காரப் பேதுரு:
நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. வராதவன் சம்பளத்தில் ஒரு சதம் வெட்டினதில்லை.

மலைநாட்டான்:
முதலாளி கூப்பிட்டா வராம இருக்க முடியுமாண்ணே?

கொச்சிக்கடைச் செவ்வாய்:
தானியேலைக் கொண்டுவந்தவருக்கு ஒன்று. அந்தக் கதையில் தானியேல் தன் வீட்டு மேலறையில் நின்றார், வேறு ஒருவரையும் வரிசையில் நிறுத்தவில்லை. எல்லாரும் என்னிடம் மட்டும்தான் விண்ணப்பம் செய்ய வேண்டும் என்று கையெழுத்து வைத்தவன் ராஜா. புறக்கோட்டைக் கடைக்குள் ராஜா யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நான் கத்தோலிக்கன். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகாவிட்டால் எனக்குக் கிழமை தொடங்காது. (மெழுகுதிரி கொளுத்திவிட்டு வீட்டுக்கு வந்து வேலைக்காரப் பிள்ளையை நாய் பேய் என்று ஏசுகிற ஆட்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள், தெரியும்.) புனித ஜோசப் வாஸ் அடிகளாரை எடுங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த நேரம், 1687இல் மாறுவேடத்தில் வந்து இறங்கினார். கண்டியில் 1697இல் அம்மை பரவினபோது சொந்தக்காரரே கைவிட்டவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார், கழுவினார், அடக்கம் செய்தார். சமயம் பார்த்துச் செய்யவில்லை. பூசை வைத்த கையும் புண் கழுவின கையும் ஒன்றுதான். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நானும் அந்தக் கூட்டத்துக்குள் நின்றேன்.

விடிவெள்ளி ஜெபம்:
அவர் ஜெப மனுஷன், அதனால்தான் அதைச் செய்ய முடிந்தது. நான் சொல்வதும் அதே. முதலில் முழங்கால். நியாயம் அநியாயத்தை ஆண்டவர் கையில் விட்டுவிடுங்கள்.

கொச்சிக்கடைச் செவ்வாய்:
விட்டுவிடவில்லையே நாங்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு தேவாலயக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஜெபித்தோம், பழிவாங்கக் கூடாது என்று சொன்னோம். அதோடு நீதிமன்றத்துக்கும் போனோம். பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனும் மனுதாரர், குருவானவரும் மனுதாரர். 2023 ஜனவரி 12 அன்று அதைத் தடுக்கத் தவறியதற்காக உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. வழக்குப் போட்டதால் அவர்களுடைய ஜெபம் குறைந்துபோனதா?

கடைக்காரப் பேதுரு:
எல்லாரும் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். சரி, நானும் பேசுகிறேன். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் வியாபாரம் பாதிக்குக் கீழே. ஒருவனையும் நிறுத்தவில்லை. அரிசி மூட்டை எடுத்துப் பிரித்துக் கொடுத்தேன். ஒருவனுடைய தாய்க்கு ஒபரேஷன், அரைவாசிச் செலவு என்னுடையது. மாதாமாதம் நிரப்புகிற ஈபிஎஃப் "சி" படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா தங்கச்சி? எதைச் செய்தாலும் மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்று செய்யுங்கள் என்று கொலோசெயரில் இருக்கிறது. பெடியளுக்கு நான் அடிக்கடி சொல்கிற வசனம் அது.

கணக்குப்பிள்ளை:
அரிசி கொடுத்தது பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அரிசிக்கு அவன் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஈபிஎஃப்புக்கு நன்றி சொல்லத் தேவையில்லை. முதலாளிமாருக்கு முதலாவது ஏன் லேசாக வருகிறது, இரண்டாவது ஏன் கசக்கிறது என்று யோசியுங்கள்.

அந்த வசனம் அடிமைகளைப் பார்த்துச் சொன்னது அண்ணை. அதிகாரம் முடிகிற இடத்தில் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுகிறீர்கள். நாலாம் அதிகாரம் முதல் வசனம் எஜமான்களைப் பார்த்து: நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் ஒரு எஜமான் இருக்கிறார். பெடியளுக்கு ஒரு வசனம் எடுத்தால் உங்களுக்கென்று இருக்கிற வசனத்தையும் சேர்த்து எடுங்கள்.

கொச்சிக்கடைச் செவ்வாய்:
தங்கச்சி சொல்வது சரி. ஆனாலும் ஒன்று: எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியலில் ஒரு பிழை காட்ட முடியாது. தகப்பன் செத்து எட்டாம் நாள் வீட்டிலே நிற்க லீவு கேட்டவனுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பேதுரு அண்ணை அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதற்கும் ஒரு மதிப்புக் கொடுக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
கொடுக்கிறேன். ஆனால் லீவும் வேணும், ஈபிஎஃப்பும் வேணும். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கக் கூடாது. பதிவு நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில். பிந்தினால் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். படிவம் நிரப்ப வேண்டுமென்றால் நான் செய்து தருகிறேன், காசு வேண்டாம்.

கடைக்காரப் பேதுரு:
படிவத்தை அனுப்புங்கள், பார்க்கிறேன். ஆனால் காலை ஜெபத்தை நிறுத்த மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:
நிறுத்தச் சொல்லவில்லையே. அந்தப் பத்து நிமிஷத்தையும் வேலை நேரத்தில் எழுதிவிடுங்கள்.

விடிவெள்ளி ஜெபம்:
ஜெபத்துக்கும் ஓவர்டைமா!

கடைக்காரப் பேதுரு:
விரும்பாதவன் ஷட்டர் திறக்கும் நேரத்துக்கு வந்தால் போதும் என்று திங்கட்கிழமை சொல்லிப் பார்க்கிறேன். அப்படியென்றால் யார் பிந்தி வருகிறான் என்று முதலாளி பார்த்துக்கொண்டிருப்பாரே என்று மலைநாட்டான் கேட்பார்.

மலைநாட்டான்:
அதத்தாண்ணே டைப் பண்ணிக்கிட்டு இருந்தேன்.