மகன் பெயருக்கு மேல்வரியில் இருந்த கொள்ளுப்பாட்டி

என் கணவர் நியூஜெர்சியில் பிறந்த இத்தாலிய வம்சாவளியினர். அவருடைய கொள்ளுப்பாட்டி நேப்பிள்ஸில் கப்பலேறி நியூயார்க் வந்தவர் என்பது மட்டுமே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவின் பயணிகள் பட்டியலில் அவருடைய பெயரோடு எங்கள் குடும்பப்பெயரைச் சேர்த்து இரண்டு குளிர்காலம் தேடினேன். கிடைக்கவில்லை. கல்யாணமானால் பெண்ணின் இனிஷியல் மாறிவிடும் வீட்டில் வளர்ந்தவள் நான். அவர் வேறு குடும்பப்பெயரில் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இத்தாலியப் பதிவேடுகளில் பெண் சாகும்வரை பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரோடுதான் இருக்கிறாள். கப்பல் பட்டியல் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டதால் அதிலும் பெரும்பாலும் அதே பெயர்தான். எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் சொல்வார்கள். அதை நம்பி நின்றுவிடாதீர்கள். கப்பலோடு வந்த பட்டியலை வைத்துத்தான் அவர்கள் ஆட்களைச் சரிபார்த்தார்கள்.

"என் அப்பா கைக்குழந்தையாக வந்தவர்" என்று மாமனார் ஒருநாள் சொன்னார். உடனே தாயை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தேடினேன். அமெரிக்காவில் ஜோ என்று இருப்பவர் ஊரில் ஜுசெப்பே என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தகப்பனின் குடும்பப்பெயரில் இருந்தான். அவனுக்கு மேல்வரியில், நாங்கள் கேள்விப்பட்டே இராத குடும்பப்பெயரோடு ஒரு பெண். யாரிடம் போகிறார் என்ற இடத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயரும் நுவார்க் முகவரியும். மாமனார் அந்தப் பெயரை மூன்று முறை வாய்விட்டுப் படித்தார். தன் பாட்டியின் முழுப்பெயர் எண்பது வயதில்தான் அவருக்குத் தெரிந்தது.

1907க்குப் பிந்தைய பட்டியல் என்றால் ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினர் யார் என்ற பத்தியைத் தவறவிடாதீர்கள். எங்களுக்கு அதில் கொள்ளுப்பாட்டியின் தாயின் பெயர் கிடைத்தது, தாயின் சொந்தக் குடும்பப்பெயரோடும் ஊரோடும்! குடியுரிமைத் தாள்களில் நான் செலவிட்ட நாட்கள்தான் வீண். அமெரிக்காவில் 1922 வரை கணவன் குடியுரிமை பெற்றால் மனைவியும் தானாகவே பெற்றுவிடுவாள்; அவளுக்கென்று தனி மனு இராது.

பிறகு இத்தாலிய ஆவணக் காப்பகங்களின் 'அன்டெனாட்டி' தளம். கட்டணம் இல்லை. தெற்கே பல ஊர்களில் 1809 முதலே பிறப்பு, கல்யாணம், இறப்பு பற்றிய சிவில் பதிவேடுகள் உண்டு. கொள்ளுப்பாட்டியின் கல்யாணப் பதிவில் அவருடைய தகப்பன் பெயருக்கு முன்னால் 'ஃபூ' என்று இரண்டே எழுத்து. தகப்பன் இறந்துவிட்டார் என்று அர்த்தம். உயிரோடிருந்தால் 'டி' என்று எழுதுவார்கள். கல்யாணத்தின்போது கொடுத்த தாள்களில் அந்தத் தகப்பனின் இறப்புச் சான்றும் இருந்தது.

கொள்ளுப்பாட்டியுடைய தாயின் கல்யாணம் மட்டும் அந்த ஊர்ப் பதிவேட்டில் இல்லை. வழக்கமாகப் பெண்ணின் ஊரில்தான் கல்யாணம் நடக்கும் என்பதால் பக்கத்து ஊர்களின் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவருகிறேன்.