பிரசவ வார்டில் கேட்காமலே லூப்பு (கருத்தரிக்காமல் இருக்கக் கருப்பைக்குள் வைப்பது) வைத்தார்கள். உங்களுக்கும் நடந்ததா?

நாங்கள் இருளர், திருவள்ளூர் பக்கம். என் நாத்தனார் செங்கல் சூளையில் கல் அறுக்கிறாள். இரண்டாவது பிள்ளை பிறந்து சூளைக்குத் திரும்பியதிலிருந்து ரத்தப்போக்கு நிற்கவில்லை. நடுச்சாமத்தில் தொடங்குகிற வேலை. முன்பணம் வாங்கியாயிற்று, லீவு என்ற பேச்சே கிடையாது. துணி மாற்ற ஒரு மறைப்புகூட இல்லாத இடம். மாமியார் செய்வினை என்று மந்திரிக்கக் கூட்டிப்போனார். வேறு ஊரில் ஸ்கேன் எடுத்தபோதுதான் உள்ளே லூப்பு இருப்பது தெரிந்தது. "வைக்கும்போது சொல்லலையாம்மா?" என்று டாக்டரம்மா கேட்க, இவள் திருதிருவென்று விழித்தாள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. வலியில் துடித்தபோது எதற்கோ கைநாட்டு வாங்கினார்களாம்.

லூப்பு கெட்டது என்று நான் சொல்லவில்லை. நானே கேட்டு வைத்துக்கொண்டவள்தான், ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் இவளுக்கு எடுக்கச் சொல்லிப் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கே போனோம். "உங்க ஆளுங்களுக்குச் சொன்னா புரியவா போகுது? இன்னொண்ணு பெத்து என்ன பண்ணப் போற?" என்று வார்டில் எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். கார் வைத்திருக்கிறவர் வீட்டுப் பெண்ணிடம் இப்படிக் கேட்பார்களா? பிறகு வேறு இடத்தில் எடுத்துக்கொண்டோம்.

மறுமொழி (ஓய்வு பெற்ற கிராமச் செவிலியர்)

அம்மா, பிரசவமான 48 மணி நேரத்துக்குள் லூப்பு வைக்கலாம், அது சரியான முறைதான். ஆனால் சம்மதத்தைக் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே பேசி வாங்க வேண்டும். வலி கண்ட பிறகு கேட்கக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும், காரணம் கேட்டு மிரட்டுவதற்கு யாருக்கும் அதிகாரமில்லை. இத்தனை பேருக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்தாக வேண்டும் என்ற இலக்கு முறையை 1996-லேயே எடுத்துவிட்டதாக அரசு அறிவித்தது. மாதாந்திரக் கூட்டத்தில் மட்டும் "உங்க ஏரியாவுல ஏன் கம்மி?" என்பது நிற்கவே இல்லை. அந்தத் திட்டுக்குப் பயந்து யார் எதிர்த்துப் பேச மாட்டார்களோ அவர்கள் மீதே கை வைப்போம். இது எல்லாச் செவிலியருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டோம். 2014-ல் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் பக்கத்து முகாமில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அங்கேயும் ஏழைப் பெண்கள்தான். முகாம்களையே நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016-ல் தீர்ப்பளித்தது.

மறுமொழி (தூய்மைப் பணியாளர்)

எனக்கு நடந்தது வேறு. மூன்றாவது தங்கிவிட்டது, கலைக்கப் போனேன். முதலில் புருஷன் கையெழுத்து கேட்டார்கள். அவர் விட்டுப்போய் வருஷக்கணக்காகிறது என்றேன். அப்புறம் அந்தச் சிரிப்பு, அதை விடுங்கள். "சரி, கூடவே ஆபரேஷன் பண்ணிக்கிறேன்னு எழுதிக் கொடு, அப்பதான் கலைப்போம்" என்றார்கள். எங்கள் தெருவில் சட்டம் படிக்கிற தம்பி கூட வந்தான். 1971 கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது முடிந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், கல்யாணம் ஆகாதவளுக்கும் உரிமை உண்டு என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்றான். "சம்மதப் படிவத்தில் புருஷன் கையெழுத்துக்குக் கட்டம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று அவன் கேட்டதும் பேச்சு மாறியது. வாங்க, உட்காருங்க என்று மரியாதையெல்லாம் வந்தது. நான் தனியாகப் போனபோதும் அதே சட்டம்தானே இருந்தது? ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. எப்போது செய்துகொள்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.